மாதா சுரூபம் செய்யக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெபி (மாதா சுரூபம் வைக்கும் குகை போன்ற மாடம்) கட்டப் பணம் சேர்ந்துவிடும், சிற்பியும் கிடைத்துவிடுவார். "எந்த மாதா?" என்று அவர் கேட்கும்போதுதான் ஊர்க்கூட்டம் விழிக்கும். ஆளுக்கொரு அடையாளம் சொல்ல, எல்லாம் ஒரே சுரூபத்தில் ஏறிவிடும். காவிரிக் கரை ஊர்களில் இப்படிக் கலந்துபோன மாதாக்கள் உண்டு.

அதிகம் குழம்புவது லூர்து மாதாவும், பாவமாசின்றிக் கருவானவர் என்று போற்றப்படும் அமலோற்பவ மாதாவும்தான். 1858-ல் பிரான்சின் லூர்தில் பெர்னதெத் என்ற சிறுமி கண்டதாகச் சொன்னது வெள்ளை உடை, நீல இடைக்கச்சை, செபமாலை, பாதங்களின் மேல் மஞ்சள் ரோஜா. பிறையோ பாம்போ அங்கே இல்லை. பிறையும் பன்னிரண்டு நட்சத்திரமும் விவிலியத்தில் திருவெளிப்பாடு 12-ஆம் அதிகாரத்துப் பெண்ணுக்கு உரியவை. பாம்பு தொடக்கநூலிலிருந்து வந்தது. இவை அமலோற்பவ மாதாவின் அடையாளங்கள். லூர்துக் காட்சியில் மாதா "நானே அமல உற்பவம்" என்று சொன்னதால் குழப்பம் இயல்புதான். இரண்டிலும் குழந்தை கிடையாது. கை வெறுமையாக இருக்கிறதே என்று குழந்தையைக் கொடுத்துவிடாதீர்கள்.

தஞ்சாவூர் ஓவியப் பாணியில் சகாய மாதா படம் கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குழந்தை இயேசுவின் காலை. மூலப்படத்தில் ஒரு செருப்பு கழன்று வாரில் தொங்கும். பாடுகளின் கருவிகளை ஏந்திவரும் வானதூதர்களைக் கண்டு மிரண்டு, தாயிடம் ஓடிவந்த வேகம் அது என்பார்கள். பிழை என்று நினைத்து ஓவியர் செருப்பை ஒழுங்காக மாட்டிவிட்டாலோ, மேலே கல் பதித்து மறைத்தாலோ கதையே போயிற்று. சிலுவைக்கும் ஈட்டிக்கும் பதிலாகப் பூமாலை வரைவதும் அப்படித்தான். தங்க ரேக்கைப் பின்னணியில் தாராளமாக ஒட்டலாம். மூலத்திலும் பின்னணி பொன்தான்.

துயருறும் தாயான வியாகுல மாதாவின் நெஞ்சில் ஒரு வாளும் சரி, ஏழும் சரி. இடம் போதவில்லை என்று ஐந்தோடு நிறுத்துவதுதான் தவறு.

சேலை கட்டிய மாதா 'அசல் இல்லை' என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா சேலையில்தானே நிற்கிறார்! ஆனால் லூர்து மாதாவுக்குப் பட்டு சாத்தினால் கச்சையும் ரோஜாவும் மறைந்து, யாரென்றே தெரியாமல் போகும்.

அப்புறம், எனாமல். பழைய மரச் சுரூபத்துக்குத் திருவிழா தவறாமல் பெயின்ட் அடித்தால் இமைக் கோடும் உதட்டு வளைவும் மூழ்கிவிடும். தூசிக்கு மென்மையான தூரிகை போதும். நிறம் உதிர்ந்திருந்தால், பழைய மரச் சிற்பங்களைச் சீர்செய்து பழகியவரிடம் காட்டுங்கள்.