மீந்த கிரில் சிக்கனில் தொக்கு: கறி சக்கையாகாமல் இருக்க

கிரில் சிக்கனில் தொடையும் காலும் முதலில் காலியாகிவிடும். மறுநாளுக்கு மிஞ்சுவது நெஞ்சுக்கறிதான். அதை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். சுடும்போதே புரதம் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து தள்ளிவிட்டது. மறுபடி சூடேற்றினால் மிச்சமிருப்பதும் போய்விடும், போனது உள்ளே திரும்பாது. அதனால் ஈரத்தை மசாலாவில்தான் சேர்க்க வேண்டும்.

வாங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்த கறியா என்று பாருங்கள். மூன்று நாளைத் தாண்டியிருந்தால் வேண்டாம்.

தேவை: எலும்பு நீக்கிய கறி 250 கிராம், சின்ன வெங்காயம் 150 கிராம், தக்காளி 2, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மிளகு சோம்புப் பொடி தலா 1 டீஸ்பூன், மல்லித்தூள் 2 டீஸ்பூன், நல்லெண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், கெட்டித் தேங்காய்ப்பால் அரை கப், கறிவேப்பிலை.

1. எலும்பையும் தோலையும் 2 கப் தண்ணீரில் போட்டுக் குக்கரில் 4 விசில் விட்டு வடிகட்டுங்கள். ஒரு கப் தொக்குக்கு, மீதி ரசத்துக்கு.

2. கறியைப் பிய்க்கும் இடத்தில்தான் பலருக்கும் கெட்டுப்போகிறது. கையால் பிய்த்தால் நீள நீளமான நார் வரும். காய்ந்த கறியில் அந்த நீளம்தான் வாயில் சக்கையாகத் தங்குகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அரை அங்குலத் துண்டாக நறுக்குங்கள். அப்புறம் விரலால் லேசாக உதிர்த்தால் போதும். மிக்ஸியில் ஒரு சுற்று விடலாமே என்று தோன்றும். விட்டால் கறி மாவாகிவிடும்.

3. அடிகனமான சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை, வெங்காயம், விழுது, தக்காளி, தூள்கள் என்று வரிசையாக வதக்கி, எண்ணெய் பிரிந்ததும் எலும்புத் தண்ணீரை ஊற்றிப் பாதியாக வற்றவிடுங்கள். உப்பு இப்போது வேண்டாம். கறியில் ஏற்கெனவே இருக்கிறது, கடைசியில் ருசி பார்த்துப் போடலாம்.

4. தீயைக் குறைத்துத் தேங்காய்ப்பால், கறி, மிளகு சோம்புப் பொடி சேர்த்துக் கிளறுங்கள். ஆவி பறக்கும் அளவுக்குக் கறி முழுவதும் சூடேற 4 நிமிடம் ஆகும். தளதளவென்று கொதிக்கவிட்டால் பாலும் திரியும், கறியும் இறுகும். அணைத்து, மூடி, 10 நிமிடம் விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: மீந்தது தந்தூரி என்றால் தயிர்ப் புளிப்பு இருக்கும், ஒரு தக்காளி போதும். கூடவே மீந்த மயோனைஸைக் கொட்டிவிடுங்கள். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது கிருமி அபாயத்தால்தான்.