கொதிகலனில் வேதிப்பொருள் சேர்க்கும் முறை: எரிபொருளை மிச்சப்படுத்தி மாசைக் குறைக்க

எரிபொருளின் வெப்பம் குழாய்ச் சுவரைக் கடந்து நீரைச் சேர்ந்தால்தான் நீராவி கிடைக்கும். நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளும் சிலிக்காவும் அந்தச் சுவரில் படிந்துவிட்டால், நீருக்குப் போக வேண்டிய வெப்பம் புகைபோக்கி வழியாக வீணாகிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சாதாரணப் படிவே எரிபொருள் செலவை ஏறத்தாழ 2% கூட்டிவிடும். ஒரு லிட்டர் டீசல் எரியும்போது சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவருவதால், மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் மாசையும் குறைக்கிறது. புதிய கொதிகலனுக்கு இருந்த திறனை அது இழக்காமல் காப்பதுதான் வேதிப்பொருள்களின் வேலை. இங்கே தரும் அளவுகள் 20 பாருக்குக் குறைந்த அழுத்தத்தில் இயங்கும் புகைக்குழாய்க் கொதிகலன்களுக்கு (குழாய்க்குள் புகையும் வெளியே நீரும் இருப்பவை) பொதுவானவை; உற்பத்தியாளர் வேறு வரம்பு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

படி 1: கடினத்தன்மைச் சோதனை

சாஃப்ட்னரிலிருந்து (நீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தை நீக்கும் கருவி) வரும் நீரில் சிறிது எடுத்து, பிஎச்சை நிலையாக வைக்கும் பஃபர் கரைசலையும் எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியையும் சேருங்கள். நீலம் தெரிந்தால் நீர் மென்மையானது. ஒயின் சிவப்பு தெரிந்தால் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும், சாஃப்ட்னரைத் தாண்டிக் கசிகிறது. சாஃப்ட்னருக்குள் அவற்றைப் பிடிக்கும் ரெசின் மணிகளை உப்புக் கரைசலால் ரீஜெனரேஷன் செய்ய (மீண்டும் செயல்பட வைக்க) வேண்டும். இதைச் சரிசெய்யாமல் வேதிப்பொருளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், பணம் சேறாகிக் கொதிகலனின் அடியில் தங்கும்.

படி 2: ஆக்சிஜனை நீக்குதல்

30 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும்; 90 டிகிரியில் அது 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடும். எனவே கண்டென்சேட்டைத் (நீராவி குளிர்ந்து மாறிய சுடுநீர்) திருப்பிக் கொண்டுவந்து, கொதிகலனுக்குள் செல்லும் ஊட்டுநீரின் தொட்டியை முதலில் சூடாக்குங்கள்; எஞ்சிய ஆக்சிஜனுக்கு மட்டும் சோடியம் சல்ஃபைட் போதும். ஒரு பங்கு ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு சல்ஃபைட் தேவை. கொதிகலன் நீரில் 30 முதல் 60 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை சல்ஃபைட் மிச்சம் தெரிய வேண்டும். அளவாகச் செலுத்தும் டோசிங் பம்ப் மூலம் இடைவிடாமல் செலுத்துங்கள். கரைசல் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் உறிஞ்சுமென்பதால் கலனை மூடியே வையுங்கள். ஆக்சிஜன் அரிப்பை நேரில் பார்த்தவர் இதில் அலட்சியம் காட்டமாட்டார்: குழாயின்மேல் செம்பழுப்பு நிறத்தில் சிறு கொப்புளம் தெரியும்; அதைச் சுரண்டினால் உள்ளே கருந்தூளும், அதற்கடியில் உலோகத்தில் ஆழமான குழியும் இருக்கும்.

படி 3: பாஸ்பேட்டும் காரத்தன்மையும்

சாஃப்ட்னரைத் தாண்டி வரும் சிறிதளவு கால்சியத்தை டிரைசோடியம் பாஸ்பேட் மென்மையான சேறாக மாற்றும். அதற்குக் கொதிகலன் நீரின் பிஎச் 10.5 முதல் 11.5 வரை இருக்க வேண்டும். பாஸ்பேட் மிச்சம் 20 முதல் 40 பிபிஎம் போதுமானது. பழைய படிவைக் கரைத்துவிடலாமென ஒரே நாளில் அளவை ஏற்றாதீர்கள். பெயர்ந்த சில்லுகள் அடியில் குவிந்து அங்குள்ள உலோகத்தைச் சூடேற்றிவிடும்.

படி 4: புளோடவுன் கணக்கு

கரைந்த உப்புகள் சேர்ந்துவிடாமல் கொதிகலன் நீரில் ஒரு பகுதியை வெளியேற்றுவதே புளோடவுன். மிச்சம் பிடிக்கும் வாய்ப்பு இங்கேதான் அதிகம், கவனக்குறைவும் இங்கேதான் அதிகம். ஊட்டுநீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, பிபிஎம்மில்) 200, கொதிகலனில் அனுமதித்த டிடிஎஸ் 3,000 என்றால், 200-ஐ 2,800-ஆல் வகுக்க, நீராவி உற்பத்தியில் சுமார் 7% சுடுநீரை வெளியேற்ற வேண்டியிருக்கும். கண்டென்சேட் கலந்து ஊட்டுநீரின் டிடிஎஸ் 100-ஆகக் குறைந்தால், அதே கணக்கு 3.4% என வரும். கண்டென்சேட் திரும்பும் குழாய்களைக் கார்பானிக் அமிலம் அரிக்காமல், அமிலத்தைச் சமன்செய்யும் மார்ஃபோலின் போன்ற அமீன்கள் (காரச் சேர்மங்கள்) காக்கும். ஆனால் நீராவி உணவைத் தொடும் ஆலைகளில் அனுமதியின்றி அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

படி 5: எரிபொருள் பக்கம்

பர்னரின் காற்று அளவைச் சரிசெய்த பிறகே எரிபொருள் பக்க வேதிப்பொருள்களுக்கு வாருங்கள். வனேடியம் உள்ள ஃபர்னஸ் ஆயிலில் மக்னீசியச் சேர்மங்கள் சாம்பல் ஒட்டுவதையும் சல்ஃபர் டிரை ஆக்சைடு உருவாவதையும் குறைக்கும். பெரிய கொதிகலன்களில் 850 முதல் 1,100 டிகிரி வரையுள்ள பகுதியில் யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கிறார்கள். அளவு மிஞ்சினால் அம்மோனியா வெளியேறும்.

படி 6: புகைபோக்கி வெப்பநிலை

கொதிகலன் ஒரே சுமையில் (ஒரே அளவு நீராவி உற்பத்தியில்) இயங்கும்போது இதைத் தினமும் குறித்துவையுங்கள். 22 டிகிரி ஏறினால் திறனில் ஏறத்தாழ 1% போய்விட்டதாகக் கொள்ளலாம். நீர்ச் சோதனைகள் தொடர்ந்து சரியாக இருந்தும் வெப்பநிலை ஏறினால், முதலில் குழாய்களின் நெருப்புப் பக்கத்தில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.