"நாளை பாடசாலை விடுமுறை": எந்த நாளை?

கார்த்திகை மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் இப்படியொரு தகவல் வந்துவிடும்: "புயல் எச்சரிக்கை! வடக்கில் நாளை பாடசாலைகளுக்கு விடுமுறை." நான் பார்த்தவரை இவற்றில் முழுப்பொய் குறைவு. ஒருகாலத்தில் உண்மையாக இருந்த செய்திதான் திகதி இல்லாமல் மறுபடி சுற்றும். அதனால் "இது உண்மையா?" என்பதற்கு முன் "இது எப்போதையது?" என்று கேளுங்கள்.

படி 1: திகதியைத் தேடுங்கள். அரச கடிதம் என்றால் மேலே "எனது இல.", "உமது இல.", "திகதி" என்று இருக்கும். படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். அந்த இடத்தை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தால் சந்தேகப்பட அதுவே போதும். கிழமை போட்டிருந்தால் கலண்டரோடு ஒப்பிடுங்கள். 2024இல் நவம்பர் 29 வெள்ளிக்கிழமை. 2025இல் அதே நாள் சனி. இரண்டு வருடமும் அந்த நாட்களில் புயல்தான் (முதலில் ஃபெங்கல், பிறகு டித்வா). மாதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

படி 2: இணைப்பு வந்தால் திறந்து பாருங்கள். சில செய்தித் தளங்களின் உச்சியில் தெரிவது இன்றைய திகதி, அது தானாக மாறும். செய்தியின் திகதி தலைப்புக்குக் கீழே சின்னதாக இருக்கும். பேஸ்புக்கிலும் அப்படித்தான்: மேலே தெரிவது பகிர்ந்த நாள், உள்ளே இருப்பதுதான் முதலில் போட்ட நாள்.

படி 3: வெள்ளப் படமா? கூகுள் லென்ஸில் (படத்தை வைத்தே தேடும் வசதி) போடுங்கள். அதே படம் பழைய வருடச் செய்தியில் கிடைத்தால் வேலை முடிந்தது.

படி 4: மூலத்துக்குப் போங்கள். வானிலைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் தளம். அறிக்கையில் வெளியிட்ட நேரமும் இருக்கும். காலை அறிக்கையை இரவில் நம்ப வேண்டாம், புயல் அதற்குள் திசை மாறியிருக்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அழைக்க 117. விடுமுறைக்கு அதிபரைக் கேட்பதுதான் சுருக்கவழி. பத்திரிகையின் சின்னத்தோடு வெறும் படம் வந்தால், அந்தப் பத்திரிகையின் பக்கத்திலேயே அது இருக்கிறதா என்று பாருங்கள். சின்னத்தை யாரும் ஒட்டலாம்.

பழையது என்று தெரிந்தால்? அனுப்பியது கனடா மாமா என்றால் குழுவில் போட்டு உடைக்காதீர்கள். சரியான அறிவிப்பின் இணைப்பைத் தனியாக அனுப்பி, "மாமா, இது போன வருடத்தது, எடுத்துவிடுங்கோ" என்றால் அவரே அழித்துவிடுவார்.