முதல் ஸ்மார்ட்போன்: எல்லைப்புறத் தமிழர்களுக்கான செய்முறை விளக்கம்

இதுவரை பட்டன் போனையே வைத்திருந்து, இப்போது முதன்முறையாக ஸ்மார்ட்போன் வாங்கியிருப்பவர்களுக்காக, குறிப்பாகக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோவிந்தாபுரம் போன்ற பாலக்காட்டு எல்லைப்புற ஊர்களில் வாழும் தமிழர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழுமையான டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் போனைத் திறந்ததும் திரையில் ஆங்கிலமோ மலையாளமோ வந்து நின்றால், தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஒருவர் தடுமாறத்தான் செய்வார். இங்கே சொல்வதெல்லாம் ஆண்ட்ராய்டு போன்களுக்கு உரியவை. நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர்களும் இடங்களும் சற்று மாறலாம்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். போனைக் கடைக்காரரிடமோ பேரனிடமோ நீட்டி, "எல்லாத்தையும் போட்டுக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்காதீர்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லட்டும். திரையைத் தொடும் விரல் உங்களுடையதாகவே இருக்கட்டும். போன் வாங்கிப் பல மாதங்கள் கழித்து வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, முதல் நாளில் வேறொருவர் அவசரமாகப் போட்டுக் கொடுத்ததிலிருந்தே கிளம்புகின்றன என்பது என் கருத்து.

சிம் கார்டு

சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தோட்டத்து மேஸ்திரியின் பெயரிலோ, திருமணமாகிப் போன மகளின் பெயரிலோ வாங்கிய எண்ணை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிறவர்கள் நம்மிடையே உண்டு. வங்கிக் கணக்கு, ஆதார், ரேஷன் என எல்லாவற்றுக்கும் ஒருமுறை மட்டும் பயன்படும் கடவுச்சொல் (ஓடிபி) அந்த எண்ணுக்கே வருவதால், எண் உங்கள் பெயரிலேயே இருப்பது நல்லது. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து நுழைந்தால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பது தெரியும்.

பழைய சிம் பெரிய அளவில் இருந்தாலோ, 4ஜி வசதி இல்லாததாக இருந்தாலோ, அதே எண்ணுக்குப் புதிய சிம் வாங்க வேண்டியிருக்கும். எண் மாறாது. ஆனால் அப்படி மாற்றிய பிறகு முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்திகள் நிறுத்திவைக்கப்படும். வேறொருவர் உங்கள் எண்ணுக்குத் திருட்டுத்தனமாக சிம் எடுத்து வங்கியின் ஓடிபியைப் பெற்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே வாட்ஸ்அப், பணம் அனுப்பும் செயலி ஆகியவற்றை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி வரவில்லையே என்று அன்றே கடைக்கு அலைய வேண்டியதில்லை.

தட்டில் சிம்மை வைக்கும்போது, அதன் வெட்டுப்பட்ட மூலை தட்டில் உள்ள வெட்டோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அழுத்தித் தள்ளாமல் திருப்பி வைத்துப் பாருங்கள்.

மொழி

போனை முதன்முதலாக இயக்கியவுடன் வரும் வரவேற்புத் திரையிலேயே மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். கடையிலேயே திறந்து ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ அமைத்துக் கொடுத்துவிட்டாலும் கவலையில்லை. பல்சக்கரப் படம் போட்ட செட்டிங்ஸைத் தொட்டு, பட்டியலின் கடைசிப் பகுதி வரை செல்லுங்கள். பெரும்பாலான போன்களில் 'சிஸ்டம்' என்ற பகுதிக்குள் மொழிக்கான இடம் இருக்கும். சாம்சங் போன்களில் அது பொது நிர்வாகம் என்ற பகுதிக்குள் இருக்கிறது. மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் தன் எழுத்திலேயே காட்டப்படும் என்பதால், மற்றவை ஒன்றும் புரியாவிட்டாலும் 'தமிழ்' என்ற சொல் கண்ணில் படும். அதைத் தொட்டவுடன் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாடுகளைக் கேட்டால், இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழுக்கு மாறியதும் செட்டிங்ஸ் 'அமைப்புகள்' என்று காட்டும். சில தமிழாக்கங்கள் நமக்கே விளங்காதபடி இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. படத்தையும் பெயரையும் சேர்த்துப் பார்த்துப் பழகினால் சில நாள்களில் கை தானாகப் போகும். அதே அமைப்புகளுக்குள் திரை என்ற பகுதியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கும் கோடு ஒன்று உண்டு. கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடிகிற அளவுக்கு அதை நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் பழக்கம்

புதியவர்களில் பலர் இங்கேதான் மனம் சோர்ந்துபோகிறார்கள், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தொடுதிரை, அழுத்தத்தை அறிவதில்லை. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும் தன்மையைக் கொண்டே விரல் எங்கே பட்டது என்பதை அறிகிறது. எனவே நகத்தால் தட்டினாலும், எவ்வளவு பலமாகக் குத்தினாலும், அது அசையாது. தேங்காய் உரிக்கிறவர்களின் கையைப் பாருங்கள்: கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் தடித்து, நாரின் தூசு வெடிப்புகளில் படிந்திருக்கும். அந்த நுனியைத் திரை பல நேரங்களில் உணராது. அப்படிப்பட்டவர்கள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, விரலைச் சற்றுச் சாய்த்து, நுனிக்குக் கீழே உள்ள சதைப்பகுதியால் மெல்லத் தொட வேண்டும். அல்லது தடிப்பு இல்லாத மோதிர விரலைப் பயன்படுத்தலாம். ஈரக் கையும் ஆகாது, மழைத்துளி விழுந்த திரையும் ஆகாது. மலிவான தடித்த கண்ணாடி ஒட்டியிருந்தால், அதுவும் தொடுதலை மந்தமாக்கக்கூடும்.

பழக வேண்டிய அசைவுகள் மூன்றுதான். ஒருமுறை தொட்டு எடுத்தால் திறக்கும். தொட்டபடி சற்றுநேரம் வைத்திருந்தால் நகர்த்தவோ நீக்கவோ வழி கேட்கும். தொட்டபடி இழுத்தால் திரை நகரும். மெல்லத் தொடுவதாக நினைத்து விரலை வைத்துக்கொண்டே இருப்பதுதான் தொடக்கத்தில் பலரும் செய்வது. அதனால்தான் செயலிகள் இடம் மாறிப் போகின்றன. அழைப்பு வரும்போது பல போன்களில் பச்சைக் குறியைத் தட்டினால் போதாது, மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இழுக்க வேண்டும். வீட்டில் உள்ள ஒருவரை அடுத்த அறையிலிருந்து அழைக்கச் சொல்லி, அழைப்பை எடுக்கவும் துண்டிக்கவும் சலிக்கும்வரை பழகுங்கள்.

இன்றைய போன்கள் கீழே பொத்தான்களே இல்லாமல், விரலை இழுத்துத் திரும்பும் முறையில் வருகின்றன. பார்க்க அழகுதான், புதியவர்களுக்கு அது வேண்டாத தொல்லை. அமைப்புகளில் வழிசெலுத்தல் என்று தேடி, மூன்று பொத்தான் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எங்கே போய் மாட்டிக்கொண்டாலும் நடுப் பொத்தானைத் தொட்டால் முகப்புக்கு வந்துவிடலாம்.

கூகுள் கணக்கு

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால், இதை வாசியுங்கள். செயலிகளை இறக்குவதற்கும், தொடர்பு எண்களைப் பாதுகாப்பதற்கும், தொலைந்த போனைத் தேடுவதற்கும் கூகுள் கணக்கு வேண்டும். நேரமில்லாத கடைக்காரர்கள் தங்கள் கணக்கையே போட்டுவிடுவதும், ஏதோ ஒரு பெயரில் புதிதாகத் தொடங்கி அதன் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுவதும் உண்டு. அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். பிறகு ஒருநாள் போன் பழுதாகி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்க நேரும்போது, பழைய கணக்கின் கடவுச்சொல்லைப் போன் கேட்கும். திருடர்களைத் தடுப்பதற்காக 2015 முதலே ஆண்ட்ராய்டில் உள்ள பூட்டு இது. அந்தக் கடவுச்சொல் இல்லாவிட்டால் உரிமையாளரும் திருடனும் அதன் முன் ஒன்றுதான். இதற்கிடையே நீங்கள் சேமித்த எண்கள் வேறொருவரின் கணக்கில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கவும் கூடும்.

எனவே அமைப்புகளில் கணக்குகள் என்ற பகுதியைத் திறந்து, யாருடைய மின்னஞ்சல் முகவரி இருக்கிறது என்று பாருங்கள். அறியாத முகவரி என்றால், உங்களுடையதைச் சேர்த்த பின் அதை நீக்கிவிடுங்கள். புதிய கணக்கைத் தொடங்கும்போது பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை உண்மையாகக் கொடுங்கள். கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்துகள் கொண்டதாக இருக்க வேண்டும். மீட்பு எண் கேட்கும் இடத்தில் உங்கள் எண்ணையோ, மிகவும் நம்பிக்கையான ஒருவரின் எண்ணையோ கொடுங்கள். பின்னர் முகவரியையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியில் வையுங்கள். எழுதி வைக்கக் கூடாது என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். மறந்துபோவதால் வரும் இழப்பைவிட, பூட்டிய பெட்டியில் உள்ள தாளால் வரும் ஆபத்து சிறியது. போன் உறைக்குள் மட்டும் அந்தத் தாளைச் செருகாதீர்கள்.

பூட்டு

திரைப் பூட்டுக்கு 6 இலக்க எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்; பிறந்த ஆண்டும் வண்டி எண்ணும் வேண்டாம். கைரேகையையும் சேர்க்கலாம். ரேஷன் கடை இயந்திரத்தில் கைரேகை விழாமல் அவதிப்படுகிறவர்களுக்குப் போனிலும் அதே சங்கடம் வரலாம். அப்படியானால் எண்ணையே நம்பியிருங்கள். பூட்டிய திரையிலும் அவசர அழைப்புக்கான இடம் இருக்கும், அங்கிருந்து 112 என்ற எண்ணை அழைக்க முடியும் என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.

எண்கள், எழுத்து, வாசிப்பு

பழைய சிம்மில் உள்ள எண்களை, தொடர்புகள் செயலியில் உள்ள இறக்குமதி வழியாக உங்கள் கூகுள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தமிழில் எழுத கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்தால் போதும். எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டுவது சலிப்பாக இருந்தால், மைக் படத்தைத் தொட்டுப் பேசுங்கள்; நிதானமாகப் பேசினால் பெரும்பாலும் சரியாகவே எழுதித் தரும்.

நம் பகுதிக்கு மிகவும் பயன்படுவது கூகுள் லென்ஸ். பாலக்காடு ஸ்டாண்டில் மலையாளத்தில் மட்டும் பலகை மாட்டிய பேருந்து வந்து நின்றால், லென்ஸைத் திறந்து மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுத்து, கேமராவைப் பலகைக்கு நேரே பிடியுங்கள்; ஊர்ப்பெயர் தமிழில் தோன்றும். பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து வரும் மலையாளக் கடிதத்தையும் இவ்வாறே வாசிக்கலாம். பொருள் பொதுவாகப் பிடிபடும், ஆனால் நிலம், வரி சம்பந்தப்பட்ட கடிதமாக இருந்தால், இதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணமும் ஏமாற்றும்

போன் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் முறையான யுபிஐ 2016 இல் வந்தது. இன்று பொள்ளாச்சிச் சந்தையிலும் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியிலும் ஒரே மாதிரி இயங்குகிறது. மாநில எல்லை அதற்குக் கிடையாது. வங்கியில் பதிவு செய்த எண்ணின் சிம் இந்தப் போனில் இருக்க வேண்டும். செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்கி, வங்கியைத் தேர்ந்தெடுத்து, டெபிட் கார்டின் விவரத்தையோ ஆதாரையோ கொண்டு யுபிஐ பின் எனப்படும் 4 அல்லது 6 இலக்க ரகசிய எண்ணை அமையுங்கள். அது திரைப் பூட்டின் எண்ணாக இருக்கக் கூடாது. முதலில் வீட்டில் உள்ள ஒருவருக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும், பின்னைத் தட்டும் முன் திரையில் தோன்றும் பெயரை வாய்விட்டு வாசியுங்கள்.

யுபிஐ பின் என்பது பணம் வெளியே போவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும் மட்டுமே. பணம் வருவதற்கு யுபிஐ பின் தேவையில்லை. "பணம் அனுப்புகிறேன், பின்னைப் போடுங்கள்" என்று எவர் சொன்னாலும் அவர் ஏமாற்றுக்காரர். இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள் என்று வரும் செய்திக்கு மறுமொழி சொல்லாமல், நேரே மின்வாரிய ஆபீஸில் விசாரியுங்கள். வாட்ஸ்அப்பில் வண்டி அபராதம் என்றோ கல்யாணப் பத்திரிகை என்றோ சொல்லி ஏபிகே என்று முடியும் கோப்பு வந்தால் தொடாதீர்கள். அது உங்கள் குறுஞ்செய்திகளை வாசிக்கும் செயலியாக இருக்கக்கூடும். வீடியோவில் போலீஸ் உடையில் தோன்றி, டிஜிட்டல் கைது என்று மிரட்டும் நடைமுறை எந்தச் சட்டத்திலும் இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

எல்லையில் டவர்

வேலந்தாவளம், மீனாட்சிபுரம் போன்ற இடங்களில் வீட்டின் முன்வாசலில் கேரள டவரும் பின்கட்டில் தமிழ்நாட்டு டவரும் கிடைப்பது சாதாரணம். அழைப்பு போகிறது, இணையம் மட்டும் நின்றுவிடுகிறது என்றால், மொபைல் நெட்வொர்க் அமைப்பில் வேறு மாநில டவரிலும் இயங்க விடும் ரோமிங் என்ற சுவிட்சை இயக்கிப் பாருங்கள். இன்றைய ரீசார்ஜ் திட்டங்களில் உள்நாட்டு ரோமிங் பொதுவாகச் சேர்ந்தே வருவதால், நாட்டுக்குள் இருக்கும்வரை அதை அப்படியே விட்டுவைக்கலாம்.

தொலைந்தால்

இதை இன்றே செய்து வையுங்கள். அழைப்புத் திரையில் *#06# என்று தட்டினால் போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் தோன்றும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள் வரும். கடவுச்சொல் எழுதிய அதே தாளில் அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். போன் காணாமல் போனால், முதலில் இன்னொரு போனிலிருந்து உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து அது எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பூட்டுங்கள். அடுத்து சிம் நிறுவனத்தையும் வங்கியையும் அழைத்து எண்ணையும் யுபிஐயையும் நிறுத்துங்கள். பின்னர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் நகலோடு சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைப் பதிவு செய்தால், அந்தப் போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் இயங்காதபடி முடக்கப்படும். திரும்பக் கிடைத்தால் அதே தளத்திலேயே முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம்.