பழைய சொகுசு செடான் வாங்குவது எப்படி: வேலூர் வட்டாரத்தில் முதல்முறை வாங்குபவருக்கு

புதிதாக 60 லட்சத்துக்கு விற்ற ஒரு ஜெர்மன் கார், எட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து, சாதாரணமான ஒரு புதுக் காரின் விலைக்கே கிடைக்கிறது. ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்பவருக்கும், காட்பாடியில் பணி ஓய்வு பெற்றவருக்கும் ஒரு முறையாவது இந்த ஆசை வந்திருக்கும். வாங்கலாம், தவறில்லை. ஆனால் காரின் விலைதான் இறங்கியிருக்கிறதே தவிர, அதன் உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. ஹெட்லைட்டோ கியர்பாக்ஸோ போனால் அவை 60 லட்ச ரூபாய்க் காருக்கான விலையில்தான் வரும். அதனால் எந்தக் கார் என்று யோசிப்பதற்கு முன் அதை யார் பழுது பார்ப்பார் என்று யோசியுங்கள். கீழே உள்ள படிகளின் வரிசையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

படி 1: முதலில் மெக்கானிக்

வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர், பெங்களூரு சுமார் 210. இரண்டு பெரிய சந்தைகளுக்கு நடுவில் இருப்பதால் தேர்வுக்குக் கார்கள் ஏராளம். பழுதானால் அதே தூரம் நம் தலைமேல் விழும். மனதில் இருக்கும் இரண்டு மூன்று மாடல்களை எழுதிக்கொண்டு, அந்தந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள். மூன்று கேள்விகள் போதும். இந்த மாடலுக்குப் பொருந்தும் ஸ்கேனர், அதாவது காரின் கோளாறுகளைப் படித்துக் காட்டும் கருவி, உங்களிடம் இருக்கிறதா? முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம் ஒரு ஜோடி என்ன விலை, எத்தனை நாளில் வரும்? கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற எவ்வளவு? பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் உங்கள் கார் வாரக்கணக்கில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் உள்ள பணம் முழுவதையும் காருக்குக் கொடுத்துவிடாதீர்கள். விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். அப்படி ஒதுக்க முடியவில்லை என்றால் ஒரு படி கீழே உள்ள காரைப் பாருங்கள்.

படி 2: பின்சீட்டில் உட்காரப் போகிறவரை அழைத்துச் செல்லுங்கள்

சொகுசு என்றால் தோல் இருக்கையும் சன்ரூஃபும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் சன்ரூஃபின் திரையைத் திறக்கும் நாட்களே குறைவு. உண்மையான சுகம் மூன்று இடங்களில் இருக்கிறது: பின்சீட்டு, ஏசி, டயர்.

பின்சீட்டில் யார் உட்காரப் போகிறாரோ அவரையே உட்கார வைத்துப் பாருங்கள். தொடை முழுவதும் இருக்கையில் படிகிறதா? இறங்கும்போது தலை இடிக்கிறதா? அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்றால், தாழ்வான செடானே வேண்டாம் என்று சொல்வேன். இறங்கி ஏறுவதுதான் அவருக்குப் பெரிய பாடு. உள்ளே இருக்கும் மெத்தை அதற்கு ஈடாகாது.

டயரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஒரே மாடலில் 17 அங்குலச் சக்கரமும் 19 அங்குலச் சக்கரமும் வந்திருந்தால் சிறியதையே தேர்ந்தெடுங்கள். டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால்தான் குழிகளில் அதிர்ச்சி குறையும். பெரிய சக்கரம் புகைப்படத்தில் அழகு, நம் தெருக்களில் தொல்லை. பி.எம்.டபிள்யூ. கார்கள் பலவற்றில் காற்று போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்ஃப்ளாட் டயர்கள் வரும். அவை சாதாரண டயரைவிட விறைப்பானவை, விலையும் அதிகம்.

படி 3: எந்தக் கார்?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல்முறை வாங்குபவர் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட்டைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றைப் பார்க்க வேண்டும். 2013-ல் இந்தியாவில் ஹைப்ரிட்டாக வந்தது. 2019-ல் புதிய தலைமுறை வந்தது. 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும். வழக்கமான கியர்பாக்ஸில் இருக்கும் கிளட்ச் போன்ற தேயும் பாகங்கள் இதில் இல்லை. நகர நெரிசலில் அடிக்கடி மின்சாரத்திலேயே ஓடுவதால் எஞ்சினுக்கும், வேகத்தைக் குறைக்க மோட்டாரும் உதவுவதால் பிரேக்குக்கும் வேலை குறைவு. கவனிக்க வேண்டியது ஹைப்ரிட் பேட்டரி. அதற்குக் குளிர்காற்று இழுக்கும் துளை பின்சீட்டுப் பக்கம் இருக்கிறது; அதில் தூசி அடைத்திருந்தால் பேட்டரி சூட்டில் வாடும். டொயோட்டா சர்வீஸ் சென்டரில் பேட்டரி பரிசோதனை செய்து அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஸ்கோடா சூப்பர்ப். பின்சீட்டில் கால் நீட்டும் இடத்தில் இதைவிட விலையுயர்ந்த கார்களையும் மிஞ்சும். 2016-ல் வந்த தலைமுறையின் டிக்கி 625 லிட்டர், திருமணத்துக்குப் போகும் குடும்பத்தின் பெட்டிகள் அத்தனையும் அடங்கும். ஆனால் எந்த எஞ்சின், எந்தக் கியர்பாக்ஸ் என்பதில் எல்லாம் இருக்கிறது. 1.8 லிட்டர் பெட்ரோலோடு வந்த ஏழு கியர் டி.எஸ்.ஜி. (இரட்டைக் கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) உலர் கிளட்ச் வகை. நகர நெரிசலும் வெயிலும் சேர்ந்தால் அது திணறும். மெக்காட்ரானிக் யூனிட் என்ற அதன் மூளை போனால் செலவு லட்சக்கணக்கில். 2.0 லிட்டர் டீசலோடு வந்த ஆறு கியர் வகையில் கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும், அது தாங்கும். 2020-ல் வந்த 2.0 லிட்டர் பெட்ரோலிலும் ஆயிலில் மூழ்கிய கிளட்ச்தான்.

மெர்சிடிஸ் ஈ-கிளாஸ்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், 2017-லிருந்து வந்த நீள வடிவத்தைப் பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3,079 மில்லிமீட்டர். வழக்கமான ஈ-கிளாஸைவிட 140 அதிகம். அத்தனையும் பின்சீட்டுக்கே போகிறது. உயரமான வேகத்தடையில் இத்தனை நீளமான காரின் வயிறு உரசக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ் ஓட்டுபவரின் கார். 2014-க்கு முந்தைய 520டி (அதன் டீசல் மாடல்) என்றால், எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயினின் வரலாற்றைக் கேளுங்கள். அந்த எஞ்சினில் செயின் பின்பக்கம் இருக்கிறது. மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டி வரலாம். பழைய ஆடி ஏ6 டீசலில் மல்டிட்ரானிக் என்ற, கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

மெர்சிடிஸின் எஸ்-கிளாஸ்? ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள்) உள்ள எந்தப் பழைய காரையும் முதல் காராக வாங்க வேண்டாம். ஆசையை இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப் போடுங்கள்.

எரிபொருளில் ஒரு சிறு எச்சரிக்கை. தினமும் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையில்தான் ஓடப் போகிறது என்றால், புதிய டீசல் கார் வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ்.6 என்ற புகை விதிக்கு உட்பட்ட டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ள நெடுஞ்சாலையில் சிறிது நேரம் சீராக ஓட வேண்டும். குறுகிய தூரமே ஓடினால் அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் கார் என்றால், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கையேட்டிலும் டேங்க் மூடியிலும் பாருங்கள்.

படி 4: எந்த ஊர்க் கார்?

நம்மிடம் வரும் கார்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகின்றன. இரண்டு ஊர்களும் நீரில் மூழ்கியவை. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பெங்களூரில் 2022 செப்டம்பர் மழை. விலையுயர்ந்த கார்கள் தரைத்தளங்களில் மூழ்கியதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்தக் கார்கள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை.

தண்ணீரில் நின்ற கார் வெளியே பளபளவென்று இருக்கும். அதனால் மறைவான இடங்களைப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள்; அடியில் சேற்றுக் கோடு இருக்கும். முன்சீட்டை நகர்த்தி அதன் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் மண் படிந்திருக்கிறதா, கால்மிதிக்கு அடியில் உள்ள விரிப்பைத் தூக்கினால் ஈர வாடை வருகிறதா? காரின் உள்ளே நறுமணம் தூக்கலாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் பழைய கிளெய்ம் விவரம் கேட்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

டெல்லிக் கார்கள் மலிவாகத் தெரியும். 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் அங்கே விதித்த தடை 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானதிலிருந்து, வயதான டீசல்கள் மற்ற மாநிலங்களுக்கு விற்பனைக்கு வரத் தொடங்கின. விலையை மட்டும் பார்த்துக் கை நீட்டாதீர்கள். வெளிமாநிலக் காரை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்து தமிழ்நாட்டின் வாழ்நாள் வரி கட்ட வேண்டும். காரின் வயதுக்கு ஏற்ப வரி சதவீதம் குறையும். ஆனால் கணக்கு காரின் மூல விலையிலிருந்து தொடங்கும், நீங்கள் பேரம் பேசிக் குறைத்த விலையிலிருந்து தொடங்காது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு இங்கே 20 சதவீதம் என்பதை நினைத்தால் தொகை புரியும். கர்நாடகக் காரைப் பார்ப்பவர்களும் இந்தத் தொகையைச் சேர்த்தே விலை பேச வேண்டும். டி.என். 23, டி.என். 73 போன்ற நம் பக்கத்துப் பதிவு எண்ணோடு கொஞ்சம் கூடுதல் விலைக்கு ஒரு கார் கிடைத்தால் பெரும்பாலும் அதுவே லாபம்.

படி 5: காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை

ஒரே காரை இரண்டு வேளைகளில் பாருங்கள். எஞ்சினைக் காலையில் பார்க்க வேண்டும், ஏசியை மதியத்தில் பார்க்க வேண்டும்.

காலை ஆறரை மணிக்குப் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். நம் ஊரில் பத்து மணிக்கு மேல் எல்லா பானட்டும் சூடுதான், அதனால்தான் இந்த அதிகாலைப் பயணம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் முதல் சில விநாடிகள் கடகடவென்ற ஓசை வந்தால் டைமிங் செயினைச் சந்தேகியுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

மதியம் இரண்டு மணிக்கு, வெயிலில் நின்ற காரில் ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே விடுங்கள். முன்னால் மட்டுமல்ல, பின்சீட்டுக் காற்றுத்துளையிலும் கை வைத்துப் பாருங்கள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறக் கூடாது. ஓடும்போது மட்டும் குளிர்ந்து நின்றால் வெதுவெதுப்பானால் கன்டென்ஸரிலோ விசிறியிலோ கோளாறு. "கேஸ் போட்டால் சரியாகிவிடும்" என்று எவரும் சொல்வார். அப்படியானால் அவரே போட்டுக் காட்டட்டும்.

டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. நம் வெயிலில் ஆறு ஆண்டு கடந்த டயர், தடம் நன்றாக இருந்தாலும் மாற்றவேண்டியதே. நான்கு டயரின் விலையையும் பேரத்தில் கழியுங்கள்.

படி 6: ஓட்டிப் பாருங்கள்

ரேடியோவையும் ஏசி விசிறியையும் அணைத்துவிட்டு, சத்துவாச்சாரிப் பக்கம் பழுதான ஒரு தெருவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். தட்டுகிற ஓசை எல்லாம் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களும் ஷாக் அப்சார்பரும் கேட்கும் பணம். பிறகு காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில், நெரிசல் நேரத்தில், நின்று நின்று ஏறுங்கள். டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸின் குணம் அங்கே வெளிப்பட்டுவிடும்: முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது நடுங்கினால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. கடைசியாகப் பள்ளிகொண்டாவரை நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா, கைகளைத் தளர்த்தினால் ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று கவனியுங்கள்.

ஏலகிரிவரை விடும் விற்பவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். 14 கொண்டை ஊசி வளைவுகள்; பாரி, காரி, ஓரி என்று வள்ளல்களின் பெயர் சூட்டப்பட்டவையும் அவற்றில் உண்டு. ஏறி இறங்கி முடிப்பதற்குள் கியர்பாக்ஸ், பிரேக், குளிரூட்டும் அமைப்பு மூன்றின் உண்மையும் தெரிந்துவிடும்.

ஓட்டிய பிறகு ஸ்கேனரை மாட்டச் சொல்லுங்கள். கோளாறுக் குறியீடு ஒன்றுமே இல்லை என்றால் மகிழ்ந்துவிட வேண்டாம்; சுயபரிசோதனைகள் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டினால், சற்று முன்தான் யாரோ அழித்திருக்கலாம். பல கார்களில் ஓடிய கிலோமீட்டர் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகியிருக்கும். மீட்டரில் உள்ளதோடு அதை ஒப்பிடுங்கள்.

படி 7: காகிதங்கள்

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு உரிமையாளர் வரிசை, கடன், காப்பீடு, நிலுவை அபராதம் எல்லாம் பாருங்கள். கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. வங்கியின் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநிலக் கார் என்றால் படிவம் 28 என்கிற தடையில்லாச் சான்று. காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். தரகர் "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் ஒரு பகுதிப் பணத்தை ஆர்.சி. உங்கள் பெயரில் வரும்வரை பிடித்து வையுங்கள்.

படி 8: வாங்கிய முதல் வாரம்

எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், எல்லா வடிகட்டிகளும் மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஆயுட்காலம் முழுவதும் மாற்றம் தேவையில்லை என்று சில கையேடுகள் சொல்லும். நம் வெயிலில் நான் அதை நம்புவதில்லை. நிறுவனம் சொல்லும் அதே ரக ஆயிலை ஊற்றச் சொல்லுங்கள். காரின் முழு எடையையும் தூக்கிச் செல்லும் தட்டு லாரி வைத்திருப்பவரின் எண்ணைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். வழியில் நின்றுவிட்டால், உதவ வருபவர் எவ்வளவு நல்ல மனதோடு கயிறு நீட்டினாலும் ஆட்டோமேட்டிக் காரையோ ஹைப்ரிட் காரையோ கட்டி இழுக்க விடாதீர்கள். எஞ்சினோ மோட்டாரோ சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருண்டால் கியர்பாக்ஸ் கெட்டுப்போகலாம்.