போனில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ஸை மாற்றி வையுங்கள்

நீங்கள் எந்தெந்தத் தளங்களைத் திறக்கிறீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்கு எளிதில் தெரியாமல் இருக்க ஒரு வழி இது. ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய போன் என்றால், செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ஸைத் திறங்கள். ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருப்பதை மாற்றி, கீழே உள்ள பெட்டியில் ஆங்கிலத்தில் ‘ஒன்’ என்ற சொல்லை நான்கு முறை, இடையில் புள்ளி வைத்துத் தட்டிச் சேமியுங்கள். இது கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் இலவச சேவை. ஒரு நிமிட வேலைதான்.

நீங்கள் எந்தத் தளத்தைத் திறந்தாலும், அதன் முகவரி எது என்று போன் முதலில் ஒரு சர்வரிடம் கேட்கும்; இந்த ஏற்பாடுதான் டிஎன்எஸ். வழக்கமாக அது இணைய நிறுவனத்தின் சர்வர். கேள்வியும் பூட்டில்லாமல், அதாவது குறியாக்கம் இல்லாமல் போகும். இரவு 2 மணிக்கு ஒரு நோயைப் பற்றித் தேடிப் படித்த தளத்தின் பெயர்கூட அங்கே பதிவாகலாம். மாதாமாதம் பணம் கட்டுகிறவரின் இந்தப் பட்டியலை விளம்பரத்துக்கு விற்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது. அமெரிக்காவில் இப்படி விற்க வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதியை 2017-இல் நீக்கியே விட்டார்கள்.

மாற்றிய பிறகு கேள்வி பூட்டப்பட்டு வேறு சர்வருக்குப் போகும். ஆனால் இது முழு மறைப்பு அல்ல: இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரியும், தோண்டிப் பார்த்தால் நிறுவனம் கண்டுபிடித்துவிடும். சாதாரண அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் இதனால் பயனில்லை. ஐபோனில் இந்த மெனு கிடையாது, தனிச் செயலி மூலம் செய்யலாம். அப்புறம், பொது வைஃபையில் லாகின் பக்கம் திறக்காவிட்டால் சற்று நேரம் ‘ஆட்டோமேட்டிக்’குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.