அம்மாவை மறுபடி நடக்க வைத்த நாற்காலி

அம்மாவுக்கு 81 வயது. வாசல் தாண்டி ஆறு மாதமாகியிருந்தது. "கால்ல தெம்பில்லடா" என்பார். நானும் சத்துமாவு, தைலம் என்று அலைந்தேன். ஒருநாள் கூடவே நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. வாசற்படி 10 அங்குல உயரம், பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை உட்கார ஓரிடமில்லை. இருந்த திண்ணைகளை இடித்துத்தான் எல்லோரும் பைக் நிறுத்துகிறோமே! (நாங்களும்தான்.)

கொத்தனாரை வைத்து நடுவில் 5 அங்குலத்தில் ஒரு படி கட்டி, சுவரில் கைப்பிடிக் குழாய் பொருத்தினேன். பாதி வழியில், இஸ்திரி வண்டியருகே வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கை வைத்தது, இல்லாவிட்டால் ஊன்றி எழ முடியாது.

முதல் வாரம் நாற்காலி வரைதான். இப்போது பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இஸ்திரிக்காரரிடம் அரைமணி ஊர்க்கதை. மழை நாளில் மட்டும் விடுவதில்லை. வாசல் டைல்ஸ் வழுக்கும், அதை இன்னும் மாற்றவில்லை.